மீன்தொட்டிக்கு மாதந்தோறும் கரி எதற்கு? - ஒரு மறுப்பு



கடந்த சனிக்கிழமை மாலை மஸ்ஜித் இந்தியாவிற்குச் சென்றிருந்தேன். வீட்டில் சாம்பிராணிக்குரிய கரி தீர்ந்துவிட்டது. மகளுக்கு ஒரு பாவாடைத் துணியும் தேவைப்பட்டது. சனிக்கிழமைகளில் அருகிலுள்ள லோரோங் துவாங்கு அப்துல் ரஹ்மானில் இரவுச் சந்தை கூடும் என்பதை அறிந்தும் அந்த நேரத்தில் போனது என் தவறுதான். ஆப்பம் பாலேக் கடையின் புகைக்கும் துணிக்கடைக்காரரின் கூவலுக்கும் நடுவே எங்கள் பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் பொருளாளர் எதிர்ப்பட்டார். கையில் கனத்த நெகிழிப்பை.

"டீச்சர், பதினெட்டுப் பொட்டலம் வாங்கிட்டேன். மூணு தொட்டிக்கும் ஆறு மாசத்துக்குக் கவலையில்ல. மொத்தமா எடுத்ததால நூத்தி எண்பது வெள்ளிக்குக் கொடுத்தான்."

என்ன பொட்டலம் என்று எட்டிப் பார்த்தேன். மீன்தொட்டி வடிகட்டிக்குரிய செயலூட்டிய கரி. நாம் எல்லாரும் 'கார்பன்' என்று அழைக்கும் அதே கறுப்புக் குருணை.

"ஐயா, நம் தொட்டிகளுக்கு இது தேவையில்லையே" என்றேன்.

"கார்பன் இல்லாம மீன் தொட்டியா? தண்ணி விஷமாயிடாதா டீச்சர்?"

அவர் கேட்ட தொனியில் குற்றச்சாட்டு இல்லை. உண்மையான வியப்பே இருந்தது. நல்ல மனிதர். தம் சொந்த நேரத்தில், சொந்தப் பெட்ரோலில் பள்ளிக்காக அலைபவர். அந்த நெரிசலில் நின்று விளக்க இயலவில்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன். அவருக்கு மட்டுமன்று, வகுப்பறை மூலையில் மீன்தொட்டி வைத்திருக்கும் ஆசிரியர்களுக்கும், பிள்ளையின் பிடிவாதத்திற்காக வரவேற்பறையில் தொட்டி வாங்கி வைத்த பெற்றோர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

என் கட்சியை முதலிலேயே சொல்லி விடுகிறேன். நல்ல நிலையில் இயங்கும் ஒரு சாதாரண நன்னீர் மீன்தொட்டிக்கு, மாதந்தோறும் மாற்றும் வழக்கப் பொருளாகக் கரி தேவையில்லை. கரி ஒரு மருந்துப் பெட்டிப் பொருள். தேவை வரும்போது எடுத்து, வேலை முடிந்ததும் அகற்ற வேண்டிய பொருள். அதை அன்றாடச் சோறாக்கியது கடைக்காரர்களின் வணிகம். அதை நம்பி வாங்கியது நம் சோம்பல். 'நம்' என்பதில் நானும் அடக்கம். ஏன் என்று சொல்கிறேன்.

நான் செய்த தவறு

2016-ஆம் ஆண்டு நான் நான்காம் ஆண்டு வகுப்பாசிரியை. வகுப்பின் பின்மூலையில் ஏறத்தாழ 60 லிட்டர் கொள்ளும் இரண்டடித் தொட்டி ஒன்று இருந்தது. கப்பி மீன்கள், மோலி மீன்கள், ஒரு சிறு கூட்டம் நியோன் டெட்ரா. உணவு இடும் பொறுப்பை ஒரு மாணவனிடம் ஒப்படைத்திருந்தேன். பாடத்தில் பின்தங்கியவன்; ஆனால், மீன்களைப் பொறுத்தவரை அவனைப் போல் கவனிப்பவர் எவரும் இலர். எந்த மோலி சினையாக உள்ளது என்பதை எனக்குச் சொல்லித் தருபவனே அவன்தான்.

ஒரு நாள் மீன்களின் துடுப்புகளில் உப்பைத் தூவினாற்போல் வெண்புள்ளிகள் தோன்றின. முதலில் கண்டவனும் அவனே. வெண்புள்ளி நோய் என்று கடைக்காரர் சொல்லி, நீலநிற மருந்துக் குப்பி ஒன்றைத் தந்தார். மெத்திலின் புளூ. நான் மாணவர்கள் சூழ நிற்கச் சொட்டுக் கணக்கில் தொட்டியில் விட்டேன். நீர் வானம்போல் நீலமாயிற்று. 'ஆ...' என்று வகுப்பே வாய்பிளந்தது.

மறுநாள் காலை வந்து பார்த்தால் நீர் பளிங்குபோல் தெளிந்திருந்தது! மருந்தை மீன்கள் 'குடித்து' விட்டன என்று மாணவர் ஒருவர் சொல்ல, நானும் சிரித்துக்கொண்டே தலையசைத்தேன். கைதட்டினோம். ஐந்து நாள்களில் ஏறக்குறைய எல்லா மீன்களும் இறந்தன.

நான் என்ன செய்தேன் தெரியுமா? "அளவுக்கு மீறி உணவு போட்டால் இப்படித்தான் ஆகும்" என்று வகுப்பு முன்னிலையில் அந்தச் சிறுவனைப் பார்த்துச் சொன்னேன். அவன் மறுத்தான். மறுத்ததற்காகவும் கடிந்துகொண்டேன். வேறொரு மாணவிக்குப் பொறுப்பை மாற்றினேன்.

ஈராண்டுகள் கழித்து, 2018-இல், அதே மருந்தை மீண்டும் வாங்க நேர்ந்தபோதுதான் பெட்டியின் பக்கவாட்டில் இருந்த சிற்றெழுத்துகளைப் படித்தேன். மருந்திடும் முன் வடிகட்டியிலுள்ள கரியை அகற்றிவிட வேண்டும் என்று அதில் இருந்தது. முதல்முறை வாங்கிய பெட்டியைப் படிக்காமலேயே குப்பையில் எறிந்திருந்தேன். மருந்தைக் குடித்தது மீன் அன்று; கரி!

இதைவிட வேடிக்கையான ஒன்றைப் பின்னர் அறிந்தேன். கரி ஆலைகளில், செய்த கரி தரமானதா என்று அளந்தறியப் பயன்படுத்தும் சோதனைப் பொருள்களுள் ஒன்றே இந்த மெத்திலின் புளூதான். ஒரு கிராம் கரி எவ்வளவு நீலத்தை விழுங்குகிறது என்பதே கணக்கு. நான் அன்று வகுப்பறையில் கரியின் தரச் சோதனையை வெகு சிறப்பாக நடத்தி முடித்திருக்கிறேன். கரி தேறியது.

சென்ற தீபாவளிக்கு முன் மஸ்ஜித் இந்தியாவின் ஒரு சேலைக் கடையில் அந்தச் சிறுவனின் தாயாரைச் சந்தித்தேன். நடந்ததைச் சொல்லி, பிழை என்னுடையது என்றேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அதுக்கப்புறம் அவன் வீட்டுல மீனே வளர்க்கல டீச்சர்" என்றார்.

இப்பொழுது புரிகிறதா, ஒரு கறுப்புக் குருணைக்காக நான் இவ்வளவு சினம் கொள்வது ஏன் என்று?

கரி எதைச் செய்யும், எதைச் செய்யாது

தேங்காய்ச் சிரட்டை, மரம், நிலக்கரி போன்றவற்றைக் காற்றுக் குறைவான சூழலில் சுட்டுக் கரியாக்கி, பின்னர் 800 முதல் 1,000 பாகை செல்சியஸ் அளவிலான வெப்பத்தில் நீராவியைச் செலுத்தினால், கரிக்குள் எண்ணற்ற நுண்துளைகள் உண்டாகின்றன. இதுவே செயலூட்டிய கரி. நல்ல கரியின் ஒரு கிராமில் ஏறக்குறைய 1,000 சதுர மீட்டர் உட்பரப்பு இருக்கும். மாணவர்களுக்குச் சொல்வதானால், ஒரு தேக்கரண்டிக்கும் குறைவான கரிக்குள் பன்னிரண்டு பூப்பந்தாட்டத் திடல்கள் சுருட்டி வைக்கப்பட்டுள்ளன. (என் வகுப்பில் இந்தக் கணக்கைச் செய்து காட்டியபோது, அறிவியலைவிடப் பூப்பந்துத் திடலின் நீள அகலம் பற்றிய வாக்குவாதமே நெடுநேரம் நடந்தது. 13.4 மீட்டருக்கு 6.1 மீட்டர், பெருக்கிப் பார்க்கலாம்.)

அந்தப் பரப்பில் சில வகைப் பொருள்கள் ஒட்டிக்கொள்கின்றன. இதற்குப் பரப்புக் கவர்தல் என்று பெயர். பஞ்சு நீரை உறிஞ்சுவதும் இதுவும் ஒன்றல்ல. சாயங்கள், மருந்துகள், வாடை தரும் கரிமச் சேர்மங்கள், மரக்கட்டையிலிருந்து கசியும் பழுப்பு நிறம், பூச்சிக்கொல்லிகள் பல ஆகியவற்றைக் கரி பிடித்துக்கொள்ளும். குழாய் நீரிலுள்ள குளோரினையும் நீக்கும்.

ஆனால், மீனைக் கொல்லும் முதன்மையான நஞ்சு எது? மீன்கள் செவுள் வழியாகவும் கழிவு வழியாகவும் வெளியேற்றுவதும், மிஞ்சிய உணவு அழுகி உண்டாவதுமான அம்மோனியா. இதைக் கரி நீக்குவதில்லை. அம்மோனியாவிலிருந்து உண்டாகும் நைட்ரைட்டையும் நீக்குவதில்லை. பொருளாளர் அஞ்சிய அந்த 'விஷத்திற்கும்' அவர் பையிலிருந்த பொட்டலத்திற்கும் யாதொரு தொடர்பும் இல்லை! அம்மோனியாவைப் பிடிக்கவல்லது சியோலைட் என்னும் வேறொரு கனிமக் கல். அது வெளிர்நிறம், இது கறுப்பு. இரண்டையும் கலந்தும் விற்பதால் இந்தக் குழப்பம் வளர்கிறது.

அப்படியானால் அம்மோனியாவை நீக்குவது யார்? நம் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். மற்றொரு கூட்டம் நைட்ரைட்டை, தீங்கு குறைந்த நைட்ரேட்டாக மாற்றும். ரஷ்ய அறிஞர் வினோகிராட்ஸ்கி 1890-ஆம் ஆண்டளவில் கண்டறிந்த உண்மை இது. நன்னீர் மீன்தொட்டிகளில் இரண்டாம் வேலையைச் செய்பவை நைட்ரோஸ்பைரா இனத்தவை என்பது 1998-இல் வெளியான ஆய்வில் தெரிய வந்தது. இவை வடிகட்டியின் பஞ்சிலும் மணலிலும் கல்லிலும் வழவழப்பான படலமாகக் குடியேறி வாழ்கின்றன. புதுத் தொட்டியில் இக்குடியேற்றம் நிறைவுற நான்கிலிருந்து ஆறு வாரங்கள் வரை ஆகலாம்.

கரியிலும் இவை குடியேறும். அங்கேதான் வேடிக்கை. சில வாரங்களில் கரியின் துளைகள் நிரம்பி அதன் ஆற்றல் தீர்ந்துவிடுகிறது. அதற்குள் அதன்மீது நுண்ணுயிர்கள் வீடு கட்டி முடித்திருக்கும். அதாவது, கரி உண்மையிலேயே பயன் தரத் தொடங்கும் நாளில் 'காலாவதி ஆகிவிட்டது' என்று சொல்லி அதை எறிந்து புதிது வாங்குகிறோம். தீர்ந்த கரியை வெயிலில் காயவைத்து மீண்டும் பயன்படுத்தலாம் என்று சொல்வோரும் உளர். நடவாது. மறுபடியும் செயலூட்டுவதற்கு ஆலையின் உலைச்சூடு வேண்டும். வீட்டு மாடி வெயில் போதாது.

நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில்

2020-ஆம் ஆண்டு மார்ச் 18 முதல் நடமாட்டக் கட்டுப்பாடு. பள்ளி பூட்டப்பட்டது. எங்கள் பள்ளியில் மூன்று தொட்டிகள்: அலுவலகத்தில் ஒன்று, அறிவியல் அறையில் ஒன்று, என் வகுப்பில் ஒன்று. என் தொட்டியில் 2018 முதற்கொண்டே கரி இல்லை. மற்ற இரண்டிலும் கரிப்பெட்டி உண்டு. மாதந்தோறும் மாற்றுவதற்கு அட்டவணையே சுவரில் ஒட்டியிருந்தது.

நான்கு மாதங்கள் எவரும் எதையும் மாற்றவில்லை. பாதுகாவலர் ஐயா இரண்டு நாளுக்கு ஒருமுறை ஒரு சிட்டிகை உணவு இட்டு, எப்போதாவது ஒரு வாளி நீர் மாற்றினார். அவ்வளவே. ஜூலையில் திரும்பி வந்தபோது அறிவியல் அறையில் கப்பிகள் பெருகிக் கிடந்தன. என் தொட்டியிலும் இழப்பில்லை. அலுவலகத் தொட்டியில் மட்டும் இரண்டு மீன்கள் இல்லை; இடையில் மின்தடையால் நீரேற்றி நின்றுபோயிருந்ததாம்.

பிறகு நடந்ததைக் கேளுங்கள். ஆகஸ்டில், அப்போதைய பொறுப்பாளர் 'நான்கு மாதக் கரி நஞ்சாகியிருக்கும்' என்று பதறி, அறிவியல் அறைத் தொட்டியின் கரிப்பெட்டியைப் பஞ்சோடு சேர்த்து எறிந்து புதிது பொருத்தினார். போதாக்குறைக்குத் தொட்டியின் கற்களையும் குழாய் நீரில் தேய்த்துக் கழுவினார். குளோரின் கலந்த நீரில் நுண்ணுயிர்கள் பிழைக்குமா? ஒரு வாரத்திற்குள் மீன்கள் மேற்பரப்பிற்கு வந்து வாய்திறந்து மூச்சுக்குத் தவித்தன. ஊரடங்கு கொல்லாத மீன்களைத் தூய்மை கொன்றது.

மூன்று தொட்டிகளை வைத்துக்கொண்டு இதை ஆய்வு என்று சொல்ல மாட்டேன். ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் எனக்கு அறிவியல் கற்பித்த விரிவுரையாளர், மாறியை ஒன்றாகக் கட்டுப்படுத்தாத சோதனையைச் சோதனை என்றே ஏற்க மாட்டார். கல்லையும் பஞ்சையும் கரியையும் ஒரே நாளில் மாற்றியதில் எது கொன்றது என்று பிரித்துச் சொல்ல இயலாதுதான். ஆனால், 'மாதம் தவறினால் மீன் சாகும்' என்ற அச்சுறுத்தலைப் பொய்யாக்க ஒரு தொட்டி போதும்.

எதிர்த்தரப்பு சொல்வன

"கிள்ளான் பள்ளத்தாக்கின் தண்ணீரை நம்ப முடியுமா?" இது வலுவான கேள்வி. 2020 செப்டம்பர் 3-ஆம் நாள் சிலாங்கூர் ஆற்றில் வாடைத் தூய்மைக்கேடு கண்டறியப்பட்டு, சுங்கை சிலாங்கூரின் மூன்று கட்டங்கள், ரந்தாவ் பாஞ்சாங் ஆகிய நான்கு சுத்திகரிப்பு நிலையங்களும் நிறுத்தப்பட்டன. ஏறத்தாழ 12 இலட்சம் கணக்குதாரர்களுக்கு நீர் நின்றது. அடுத்த மாதமும் அதே கதை. அந்நாள்களில் வாளியும் கையுமாக லோரிக்குக் காத்திருந்த எவரும் மறந்திருக்க மாட்டோம். ஆனால், அங்கே நமக்கு நேர்ந்த இடர் எது? வாடையடித்த நீர் குழாயில் வந்ததன்று, நீரே வராததுதான். அதற்குக் கரி என்ன செய்யும்? மூடிய வாளி ஒன்றில் ஒரு நாள் வைத்த நீரைச் சேமித்து வைத்திருந்தவரின் மீன்களே தப்பின.

குளோரினுக்காகவே கரி வேண்டும் என்பர். தொட்டிக்குள் ஊற்றிய பின்னரன்றோ அந்த நீர் வடிகட்டியை அடைகிறது! அதற்குள் குளோரின் செவுளைத் தீண்டிவிடும். குளோரினைத் தொட்டிக்கு வெளியிலேயே போக்க வேண்டும். அகன்ற வாளியில் ஒரு நாள் திறந்து வையுங்கள். அல்லது கடையில் 'ஆன்டி குளோரின்' என்று கேட்டால் கிடைக்கும் பளிங்குக் கற்களை, சொன்ன அளவில் இடுங்கள்.

"கரி போட்டால் நீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது." உண்மை. யார் மறுத்தார்? ஆனால், தெளிந்த நீர் நல்ல நீர் என்று எவர் சொன்னார்? அம்மோனியாவுக்கு நிறமில்லை. நம் சிலாங்கூர் மாநிலத்தின் வடபகுதியில் கரிச்சதுப்பு நிலக் காடுகள் உள்ளன. அங்கே பெத்தா லிவிடா என்னும் சண்டை மீன் இனம் ஒன்று வாழ்கிறது. 1992-இல் அறிவியல் உலகிற்கு அறிமுகமானது. அதன் வீடு, தேஓ போன்று கருஞ்சிவந்த நீர். இலைதழைகள் ஊறிய சாறு அது. நம் பிள்ளைகள் அம்மீனைப் பளிங்கு நீரில் விட்டால் நன்மை செய்ததாக நினைப்பர்.

இதிலொரு நகைச்சுவையும் உண்டு. சண்டை மீனுக்கு நல்லது என்று கெத்தாப்பாங் இலையைப் பொட்டலமாக விற்கின்றனர். அந்த இலையின் சாற்றுக்காகத்தான் அதை இடுகிறோம். அதே கடையில் அந்தச் சாற்றை நீக்கும் கரியையும் விற்கின்றனர். ஒரு பெற்றோர் இரண்டையும் வாங்கி ஒரே தொட்டியில் இட்டிருந்தார். ஒரு கையால் கொடுத்து மறுகையால் பறிப்பது. இரு கைக்கும் காசு. (எங்கள் பள்ளித் திடலோரம் கெத்தாப்பாங் மரமே நிற்கிறது. உதிர்ந்த இலையைப் பெருக்கித் தள்ளிவிட்டுப் பொட்டல இலை வாங்கியதும் உண்டு. சொல்ல வெட்கமாக இருக்கிறது.)

"தாத்தா பாட்டி காலத்திலேயே கரியால் நீரைத் தெளிய வைத்தார்களே!" நம் முன்னோர் நீரைத் தெளிய வைக்கத் தேற்றாங்கொட்டையை உரைத்தனர்; கிணற்றில் நெல்லிக்கட்டை இட்டனர்; மணலும் கரியும் நிரப்பிய பானையில் நீர் வடித்தனர். அவரவர்க்கு ஒரு நோக்கம் இருந்தது. தேற்றாங்கொட்டை கலங்கலைப் படியச் செய்யும். நிறத்தையோ வாடையையோ போக்காது. எது எதற்கு என்று அறிந்து செய்தவர்களின் பெயரைச் சொல்லி, எதற்கென்றே அறியாமல் வாங்குவது முறையா?

இந்த வழக்கத்தால் விளைந்த இன்னொரு கூத்து. ஒரு தாயார், எல்லாம் கரிதானே என்று சாம்பிராணிக்குரிய வட்டக் கரியைக் கழுவி வடிகட்டியில் இட்டுவிட்டார். விரைவில் தீப்பற்றுவதற்காக அவ்வகைக் கரிகளில் வெடியுப்பு சேர்ப்பதுண்டு. நல்லவேளை, சிறிது நேரத்தில் கேட்டுவிட்டார்; எடுத்தெறியச் சொன்னேன்.

கரி மீன்களுக்குத் தீங்கு என்று சொல்லும் எதிர்முனைக் கட்சியினரும் உளர். 2011-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், பழுப்பு நிலக்கரியிலிருந்து செய்த கரியைப் பயன்படுத்திய தொட்டிகளில் கடல்மீன்களின் தலையிலும் பக்கவாட்டுக் கோட்டிலும் அரிப்புப் புண்கள் தோன்றின. அவை கடல்மீன்கள், கரியும் ஒருவகைக் கரி. கப்பி வளர்க்கும் ஒரு தாயை அதைக் காட்டி அச்சுறுத்தினால் நான் கடைக்காரரினும் கீழானவள் ஆவேன். அவ்வாறே, பழைய கரி பிடித்த நஞ்சையெல்லாம் ஒரே நாளில் கக்கிவிடும் என்பதும் மிகைக்கூற்று. அந்த அச்சமே மாதாந்தர விற்பனைக்கு உயிர்நாடி.

கரிக்கும் வேலை உண்டு

மூன்று நேரங்களில் நானே கரி இடுவேன். மருந்துச் சிகிச்சை முடிந்தபின் மிச்ச மருந்தை நீக்க. புது மரக்கட்டையின் நிறம் மிகுந்து மாணவர்கள் மீனையே காண முடியாதபோது. டெங்கிக் கொசுப் புகையடிப்பிற்குப் பின்.

கடைசியாகச் சொன்னதை ஆசிரியர்கள் கட்டாயம் குறித்துக்கொள்ள வேண்டும். நம் பகுதிப் பள்ளிகளில் புகையடிப்பு அடிக்கடி நடப்பது. புகையில் கலக்கும் பைரித்ராய்டு வகைப் பூச்சிக்கொல்லிகள் மனிதரைவிட மீன்களுக்கு மிகக் கொடியவை. காற்றுக் குழாய் நீருக்குள் அறையின் காற்றைத் தள்ளிக்கொண்டே இருக்கும். ஆகவே, புகையடிக்கும் முன் தொட்டியை ஈரத்துணியாலோ நெகிழியாலோ நன்கு மூடிக் காற்றுக் குழாயை நிறுத்துங்கள். அறை காற்றோட்டம் பெற்றவுடன் திறந்து இயக்குங்கள். பிறகு புதிய கரியை மூன்று நான்கு நாள் வடிகட்டியில் வைத்து எடுத்து எறியுங்கள். இங்கே கரி காவலன். அந்த 10 வெள்ளி வீணன்று.

மருந்திடும்போது முதலில் கரியை எடுத்துவிடுங்கள். கூடுமானவரை நோயுற்ற மீனைத் தனிப் பாத்திரத்திற்கு மாற்றி அங்கே மருந்திடுங்கள். மெத்திலின் புளூ நம் நல்ல நுண்ணுயிர்களையும் தாக்கும். வயிற்றுப்போக்கிற்குக் கரி மாத்திரை தரும் மருந்தாளுநர், மற்ற மருந்துகளை அதனோடு சேர்த்து விழுங்காதீர்கள் என்று சொல்வார் அல்லவா? அதே நியாயம்தான்.

ஆசிரியர்களுக்கு மட்டும் ஒரு சொல்

நெகிழிப் போத்தலை வெட்டித் தலைகீழாக்கி, பஞ்சு, மணல், கூழாங்கல், கரி என்று அடுக்கி நீர் வடித்துக் காட்டாத அறிவியல் ஆசிரியர் நம்முள் இலர். கலங்கிய நீர் தெளிந்து சொட்டும்போது பிள்ளைகள் முகத்தில் தோன்றும் ஒளிக்காகவே நானும் ஆண்டுதோறும் செய்கிறேன். பிறகு என்ன எழுத வைக்கிறோம்? 'கரி நீரைச் சுத்தப்படுத்தும்.' சரி போட்டு அடுத்த தாளுக்குப் போகிறோம்.

எதிலிருந்து சுத்தம்? சேற்றைத் தடுத்தது மணலும் பஞ்சும். நிறத்தைக் குறைத்தது கரி. அதுவும் சாதாரண அடுப்புக் கரியானால் மிகச் சிறிதளவே. கிருமிகள் அப்படியே உள்ளன. சிவப்புச் சாயம் கலந்த நீரையும் உப்பு கரைத்த நீரையும் தனித்தனியே செயலூட்டிய கரியில் வடித்துப் பாருங்கள். சாயம் மறையும், உப்பு மறையாது. உப்பை நாக்கால் சோதிக்க வேண்டாம். ஒரு சொட்டைக் கறுப்புத் தட்டில் காயவிட்டால் வெண்பொடி தெரியும். பத்து நிமிட வேலை. 'எதை நீக்கியது? எதை நீக்கவில்லை?' என்று கேட்கத் தெரிந்த பிள்ளை வளர்ந்தபின் எந்தப் பொட்டலத்தையும் புரட்டிப் பார்த்தே வாங்கும். முன்பெல்லாம் யு.பி.எஸ்.ஆர். தேர்வைக் காரணம் காட்டினோம், நேரமில்லை என்றோம். 2021-இல் அத்தேர்வே நீக்கப்பட்டுவிட்டது. இனி எதைக் காட்டுவோம்?

பெற்றோர்களே, உங்களுக்குக் கணக்கு ஒன்று. எங்கள் பள்ளியின் பழைய வரவு செலவுப் புத்தகத்தில் கரிப்பொட்டலம் ஒன்றின் விலை 12 வெள்ளி. மூன்று தொட்டி, பள்ளி நடக்கும் பத்து மாதம், 360 வெள்ளி. இத்தொகையில் சிறு பங்கிற்கு அம்மோனியா சோதனைக் குப்பி ஒன்று வாங்கினால், நீர் நிறம் மாறுவதைக் கண்டு பிள்ளைகளே தொட்டியின் நலத்தை அளந்து சுவர் அட்டையில் எழுதுவர். வாரம் ஒருமுறை நான்கில் ஒரு பங்கு நீரை மாற்றுதல், பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசுதல், இரண்டு நிமிடத்தில் மீன்கள் உண்டு முடிக்கும் அளவே உணவிடுதல். இவற்றிற்குக் காசே இல்லை. காசில்லாத வேலையை எந்தக் கடையும் விளம்பரம் செய்வதில்லை.

வரும் செயலவைக் கூட்டத்தில் மாதாந்தரக் கரிச் செலவை நீக்கும் தீர்மானத்தை நான் கொண்டுவரப் போகிறேன். உணவிடும் மாணவரைத் தொட்டியில் மீன் இறந்ததற்காக எந்த ஆசிரியரும் வகுப்பு முன்னிலையில் கண்டிக்கலாகாது என்பதையும் அதிலேயே சேர்த்திருக்கிறேன். மீன் வளர்ப்புக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்களுக்கு அங்கேயே பதில் சொல்கிறேன்.

பொருளாளர் ஐயாவிடம் நேற்று தொலைபேசியில் இவ்வளவையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "சரி டீச்சர், ஆனா மெழுகுமாதிரி தெளிவா இருந்தாதான் பார்க்க அழகு" என்றார். அதில் எனக்கும் மறுப்பில்லை. பதினெட்டில் மூன்று பொட்டலங்களை அறிவியல் அறை அலமாரியில், 'புகையடிப்பிற்குப் பின்' என்று எழுதி வைக்க ஒப்புக்கொண்டார். எஞ்சிய பதினைந்தும் இப்போது என் மேசை இழுப்பறையில் உள்ளன. திருப்பிக் கொடுப்பதற்குக் கடைக்காரர் ரசீது கேட்கிறார். ஐயா தேடிக்கொண்டிருக்கிறார்.